ஷோகேஸ் கண்ணாடித் தட்டு எவ்வளவு பாரம் தாங்கும்? வாசகர் கேள்வி – பதில்

கொலு முடிந்து சிலைகளும் பித்தளைச் சாமான்களும் ஷோகேஸுக்குத் திரும்பும் நேரம் இது. கண்ணாடித் தட்டுகள் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒரே இடத்தில் சேர்த்துப் பதில் சொல்கிறோம்.

கேள்வி: எங்கள் ஹால் ஷோகேஸ் 3 அடி அகலம், 1 அடி ஆழம். தட்டுகள் 5 எம்.எம். கண்ணாடி, இரண்டு பக்கமும் பலகையில் செருகிய சின்ன பின்கள் மேல் நிற்கின்றன. மாமியார் காலத்துக் குத்துவிளக்கு ஜோடி, உருளி, சுவாமிமலையில் வார்த்து வாங்கிய நடராஜர் எல்லாம் ஒரே தட்டில் இருக்கின்றன. எடை போட்டுப் பார்த்தேன், 20 கிலோ. தட்டு நடுவில் ஏறக்குறைய 1 செ.மீ. தொய்ந்திருக்கிறது. 8 எம்.எம். போதுமா, 10 எம்.எம். வேண்டுமா?
– கும்பகோணம்

பதில்: தடிமனை அப்புறம் பார்க்கலாம். முதலில் இன்றைக்கே நடராஜரையும் விளக்குகளையும் இறக்கிக் கீழே வையுங்கள். நீங்கள் சொல்லும் 1 செ.மீ. தொய்வு கணக்குக்கு அப்படியே பொருந்துகிறது. அந்த அளவில் கண்ணாடியின் அடிப்பரப்பில் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 21 நியூட்டன் இழுவை இருக்கும். சாதாரணக் கண்ணாடியில் நிரந்தரமாக ஏற்றி வைக்கும் பாரத்துக்கு 7 நியூட்டனைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்வது வழக்கம். உங்கள் தட்டு அதைப் போல மூன்று மடங்கு சுமக்கிறது.

"இத்தனை நாள் உடையவில்லையே" என்ற தைரியம் கண்ணாடி விஷயத்தில் உதவாது. வெட்டிய விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் எப்போதும் இருக்கும். பாரம் இழுத்துக்கொண்டே இருக்க, காற்றின் ஈரம் அந்தக் கீறலின் நுனியை மெல்ல மெல்ல அரித்து நீளமாக்கும். அதனால்தான் யாரும் தொடாத நடுராத்திரியில் தட்டு உடைகிறது. ஒரு நிமிடம் தாங்கும் பாரத்தில் பாதியைக்கூட வருடக்கணக்கில் தாங்கும் என்று நம்ப முடியாது.

இப்போது தடிமன். அதே 20 கிலோவுக்கு 8 எம்.எம். போட்டால் தொய்வு 2.7 எம்.எம்., இழுவை 9 நியூட்டன் அளவு வரும். 10 எம்.எம். என்றால் தொய்வு ஒன்றரை எம்.எம்., இழுவை 6. ஆக 10 எம்.எம். கணக்கில் தேறுகிறது. ஆனால் அந்தக் கண்ணாடி மட்டுமே 7 கிலோ இருக்கும். அதையும் சேர்த்து 27 கிலோவை அதே பழைய பின்கள் தாங்க வேண்டும். சாமான்கள் பரவலாக இருந்தால்தான் இந்தக் கணக்கு என்பதையும் மறக்காதீர்கள். நடுவில் ஒரே இடத்தில் வைத்த பாரம், அதே பாரத்தைப் பரப்பி வைத்ததைப் போல இரண்டு மடங்கு இழுக்கும்.

தடிமனைக் கூட்டுவதைவிட நீளத்தைக் குறைப்பது பல மடங்கு பலன் தரும். உங்களிடம் இருக்கும் அதே 5 எம்.எம். தட்டுக்கு நட்டநடுவில், முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை ஒரு தாங்கி வையுங்கள். தொய்வு 10 எம்.எம்.மிலிருந்து கால் எம்.எம்.முக்கு இறங்கும், இழுவை நான்கில் ஒன்றாகும். ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்படி வைக்கும் நடுத் தாங்கி மொத்தப் பாரத்தில் எட்டில் ஐந்து பங்கைத் தானே சுமக்கும். ஷோகேஸின் பின்பக்கம் ஆணியடித்து ஒட்டியிருக்கும் 4 அல்லது 6 எம்.எம். பலகையில் ஒரு பிராக்கெட்டைத் திருகி அதை நடுத் தாங்கி என்று நம்பக் கூடாது. கீழ்த் தட்டிலிருந்து எழும்பும் கால் வேண்டும், அல்லது பின்பலகையைத் தாண்டிச் சுவரில் பிடித்த பிராக்கெட் வேண்டும்.

நடுவில் கால் நிற்பது கண்ணை உறுத்தும் என்றால் எங்கள் முதல் சிபாரிசு L வடிவ இரும்புப் பட்டையான ஆங்கிள்தான். 25 × 25 × 3 எம்.எம். ஆங்கிள் இரண்டு, தட்டின் முழு நீளத்துக்கு, முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக. பார்க்க அற்பமாகத் தெரியும் அந்த ஆங்கிளில் ஒன்று மட்டுமே, 1 அடி அகலமுள்ள 8 எம்.எம். கண்ணாடித் தட்டு முழுவதையும்விட வளையாமல் நிற்கும். இரண்டு போட்டால் உங்கள் 20 கிலோவுக்குத் தொய்வு முக்கால் எம்.எம்.தான், ஆங்கிளின் எடையும் இரண்டுக்கும் சேர்த்து 2 கிலோ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிடைத்தால் பெயிண்ட் வேலை மிச்சம். அதே அளவு அலுமினியம் போட்டால் தொய்வு ஏறக்குறைய மூன்று மடங்கு, அதாவது 2 எம்.எம்.; 10 கிலோவுக்குள் என்றால் அதுவும் பரவாயில்லை.

செய்யும் விதம்: உள் அகலத்தை முன்னால், நடுவில், பின்னால் என்று மூன்று இடத்தில் அளந்து, இருப்பதில் சிறிய அளவைவிட 2 எம்.எம். குறைத்து ஆங்கிளை வெட்டச் சொல்லுங்கள். வெட்டிய முனைகளை அரத்தால் ராவி, இரும்பு என்றால் ப்ரைமரும் பெயிண்டும் அடித்து, இரண்டு நாள் நன்றாகக் காயவிடுங்கள். இரண்டு பக்கப் பலகையிலும் முன்னிருந்து பின் வரை மர ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) அடித்து அதன் மேல் ஆங்கிளை உட்கார வையுங்கள். ஒரு தகடு மேலே படுத்திருக்க வேண்டும், மற்றது கீழ்நோக்கித் தொங்க வேண்டும். முன் ஆங்கிளில் தொங்கும் தகடு முன்பக்கம் இருந்தால் எல்.இ.டி. பட்டியை அதன் பின்னால் மறைத்துவிடலாம். ஆங்கிள் நகராமல் இருக்க ரீப்பரோடு சேர்த்து ஒரு ஸ்க்ரூ. ரசமட்டம் வைத்து நீளவாக்கிலும் குறுக்கிலும் பார்த்த பிறகே கண்ணாடி. இரும்பும் கண்ணாடியும் நேருக்கு நேர் தொடக் கூடாது. படுத்திருக்கும் தகட்டின் மேல் முழு நீளத்துக்கும் 1 அல்லது 2 எம்.எம். சிலிக்கான் பட்டை ஒட்டுங்கள். பழைய கண்ணாடியையே போடுவதானால் விளிம்பு முழுவதும் விரல்நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கும் அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தால் அந்தக் கண்ணாடி வேண்டாம். புதிதாக வாங்கும்போது உள் அகலத்தைவிட 3 எம்.எம். குறைவாக, நான்கு விளிம்பும் எட்ஜ் பாலிஷ் செய்து கேளுங்கள்.

கண்ணாடியை வைத்ததும், சாமான் எதுவும் வைக்கும் முன், ஒரு தாளை அதற்கும் சிலிக்கானுக்கும் இடையில் நுழைத்துப் பாருங்கள். எங்காவது சுலபமாகப் போய்வந்தால் அங்கே தட்டு தாங்கியில் உட்காரவில்லை. அந்த இடத்தில் மெல்லிய பட்டை ஒன்று சேர்த்துச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: எந்த அளவு கண்ணாடி எத்தனை கிலோ தாங்கும் என்று பொதுவாகச் சொல்ல முடியுமா?
– விழுப்புரம்

பதில்: சாதாரணக் கண்ணாடி, 1 அடி ஆழம், இரண்டு முனையிலும் முழு ஆழத்துக்குத் தாங்கல், பாரம் பரவலாக, வருடக்கணக்கில் என்று வைத்துக்கொண்டால்:

2 அடி நீளத்துக்கு 5 எம்.எம். 9 கிலோ, 6 எம்.எம். 14, 8 எம்.எம். 27, 10 எம்.எம். 43. நீளம் 3 அடி என்றால் 5 எம்.எம். வெறும் 4 கிலோ, 8 எம்.எம். 15, 10 எம்.எம். 25, 12 எம்.எம். 37. ஒரே பொருளை நடுவில் வைப்பதானால் எல்லாவற்றையும் பாதியாக்குங்கள். ஆழம் முக்கால் அடியாக இருந்தால் தாங்கும் எடையும் முக்கால்தான். 4 அடி நீளத்துக்குத் தாங்கி இல்லாமல் எந்தத் தடிமனையும் நாங்கள் சொல்ல மாட்டோம்.

எடை தெரியாத சிலையை நீங்கள் கையில் பிடித்தபடி எடை மெஷின் மேல் ஏறி, வரும் எடையில் உங்கள் எடையைக் கழியுங்கள். தூக்க முடியாததற்கு உத்தேசக் கணக்கு: ஒரு லிட்டர் பருமனுக்குப் பித்தளையும் பஞ்சலோகமும் எட்டரை கிலோவுக்கு மேல், கருங்கல் 2.7, கண்ணாடி இரண்டரை. சுவாமிமலை வார்ப்பு பெரும்பாலும் கனவார்ப்பு, உள்ளே கூடு இருக்காது. கைக்கு அடக்கமாகத் தெரிந்தாலும் எடையைக் குறைத்து நினைக்காதீர்கள்.

கேள்வி: டஃபன்ட் கண்ணாடி ஐந்து மடங்கு பலம், அதனால் 5 எம்.எம். டஃபன்டே போதும் என்கிறார் கடைக்காரர். உண்மையா?
– கோயம்புத்தூர்

பதில்: பலத்தில் நான்கைந்து மடங்கு என்பது உண்மை. விறைப்பில் ஒரு மடங்குகூட அதிகமில்லை. கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று குளிர வைக்கும்போது அதன் மேல்பரப்பு இறுகிக்கொள்கிறது, அதனால் உடைய மறுக்கிறது. வளைவதில் மாற்றமே இல்லை. 3 அடி, 20 கிலோ என்றால் டஃபன்டும் அதே 1 செ.மீ. தொய்யும். உடையாது, ஆனால் ஓரத்தில் நிற்கும் சிலைகள் நடுவைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும்.

உடையும் விதத்தையும் யோசியுங்கள். டஃபன்டின் விளிம்பில் பித்தளை விளக்கின் நுனி ஒரு முறை பட்டால் போதும், முழுத் தட்டும் ஒரே நொடியில் கல்கண்டுத் துண்டுகளாகக் கொட்டும். கைக்கு ஆபத்து குறைவு. ஆனால் மேலே இருந்தது அத்தனையும் அடுத்த தட்டில் விழும், அதுவும் கொட்டும். அதனால் எங்கள் கருத்து: டஃபன்ட் போடுங்கள், ஆனால் ஆங்கிள் தாங்கலோடு, 8 எம்.எம். போடுங்கள். டஃபன்டை அடுப்பில் ஏற்றிய பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது, அளவு 1 எம்.எம். பிசகினாலும் அது வீண். மூலையில் ஐ.எஸ். 2553 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை இல்லாத பழைய தட்டு எது என்று தெரிய வேண்டுமா? கண்ணாடிக்குப் பின்னால் லேப்டாப்பில் வெள்ளைத் திரையை வைத்து, போலராய்டு கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு தலையைச் சாய்த்துப் பாருங்கள். டஃபன்டாக இருந்தால் விளிம்போரம் நிழல் பட்டைகளோ வண்ணத் திட்டுகளோ தெரியும்.

இரண்டு கண்ணாடிகளை ஒன்றாக ஒட்டிய லேமினேட்டட் பற்றியும் ஒரு வார்த்தை. 5 + 5 எம்.எம். லேமினேட்டட் என்றால் 10 எம்.எம். போல விறைப்பாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் படலம் நாள்பட்ட பாரத்தில் நழுவிக்கொடுக்கும். இரண்டு தனித்தனி 5 எம்.எம். போலத்தான் அது வளையும், அதாவது 10 எம்.எம்.மின் விறைப்பில் நான்கில் ஒரு பங்கு. உடைந்தால் சிதறாது என்பதுதான் அதன் லாபம்.

ஒரே பொருள் 15 கிலோவைத் தாண்டினால் கண்ணாடியைச் சுமக்க விடவே வேண்டாம். 18 எம்.எம். ப்ளைவுட்டை ஆங்கிள் மேல் போட்டு, அதன் மேல் 5 எம்.எம். கண்ணாடியைப் படுக்க வையுங்கள். பளபளப்பு அதேதான், பாரம் மட்டும் மரத்துக்குப் போய்விடும்.

கேள்வி: கண்ணாடி உடையவில்லை, ஆனால் பக்கப் பலகையில் இருந்த பிளாஸ்டிக் பின் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. ஓட்டை பெரிதாகிவிட்டது. அலமாரி பார்ட்டிகிள் போர்டு. ஃபெவிகால் நிரப்பி மறுபடியும் பின்னை அடிக்கலாமா?
– மதுரை

பதில்: அடிக்காதீர்கள், அடுத்த மாதமே மறுபடியும் வரும். நிறையத் தட்டுகள் கீழே வருவதற்குக் காரணம் கண்ணாடி இல்லை, இந்தப் பின்தான். நான்கு பின்னில் பாரம் சமமாகப் பிரியும் என்று நினைக்கிறோம். எப்போதும் அப்படிப் பிரியாது. நாலு கால் ஸ்டூல் ஒரு கால் தூக்கி ஆடுவது போல, ஒரு பின் தாழ்ந்திருந்தால் குறுக்காக இருக்கும் இரண்டு பின்களே பெரும்பகுதியைச் சுமக்க நேரலாம். அதனால் மொத்தப் பாரத்தை இரண்டால் வகுத்து, அதை ஒரு பின் தாங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மரத்தூளை ஒட்டிச் செய்த பலகையில் 5 எம்.எம். ஓட்டை அந்தப் பாரத்தில் நாளுக்கு நாள் கீழ்நோக்கி நசுங்கும், பின் தலை குனியும், ஒருநாள் கண்ணாடி வழுக்கும்.

பாரம் 5 கிலோவுக்குள் என்றால் ஓட்டையைப் பழுது பார்க்கலாம். 8 எம்.எம். பிட்டால் 12 எம்.எம். ஆழத்துக்கு மட்டும் துளையிடுங்கள். பிட்டில் அந்த அளவில் டேப் சுற்றிக்கொண்டால் மறுபக்கம் வெளியே வராது. 8 எம்.எம். கெட்டி மர டவலை (உருளை மரக் குச்சி) பசையோடு இறக்கி, ஒரு நாள் காயவிட்டு, அதன் நடுவில் புதிதாக 5 எம்.எம். துளை போட்டு உலோகப் பின் வையுங்கள்.

அதற்கு மேல் என்றால் பின்னையே மறந்துவிட்டு, பக்கப் பலகையின் முழு ஆழத்துக்கும் 20 × 12 எம்.எம். தேக்கு அல்லது வேறு கெட்டி மர ரீப்பர் அடியுங்கள். 1 அடிக்கு மூன்று ஸ்க்ரூ, 1 அங்குல நீளம். அது ரீப்பரில் 12 எம்.எம். போக, பலகைக்குள் 13 எம்.எம். இறங்கும். 18 எம்.எம். பலகையில் அதற்கு மேல் நீளம் வைத்தால் வெளியே எட்டிப் பார்க்கும். முதலில் இரண்டரை எம்.எம். பிட்டால் வழித்துளை போட வேண்டும், இல்லாவிட்டால் பலகை உப்பி வெடிக்கும். மெஷினில் கடைசி இறுக்கு வேண்டாம், கையால் முடியுங்கள். இந்தப் பலகையில் ஒரு சுற்று அதிகமானாலும் மரை வழித்துக்கொண்டு ஸ்க்ரூ சும்மா சுற்றும்.

தண்ணீர் பட்டுப் பலகை உப்பியிருந்தால் எந்த ஸ்க்ரூவும் நிற்காது. அப்போது 12 எம்.எம். ப்ளைவுட்டில் 2 அங்குல அகலப் பட்டைகள் வெட்டி, கீழ்த் தட்டிலிருந்து முதல் கண்ணாடி வரை, அதற்கு மேல் அடுத்த கண்ணாடி வரை என்று இரண்டு பக்கமும் கால் போல நிறுத்துங்கள். பாரம் நேரே அடித்தட்டுக்கு இறங்கும், பக்கப் பலகை நிமிர்ந்து நின்றாலே போதும்.

இன்னொன்றையும் அளந்து பாருங்கள். உள் அகலம் மேலேயும் கீழேயும் ஒன்றாக இருந்து, நடு உயரத்தில் மட்டும் 3 எம்.எம். கூடுதலாக இருந்தால் பக்கப் பலகைகள் வெளியே உப்புகின்றன. தட்டு நழுவ அதுவே போதும். பின்பலகையை 6 அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ வீதம் இறுக்கி அவற்றை உள்ளே இழுங்கள்.

கேள்வி: தொய்ந்த கண்ணாடியைத் திருப்பிப் போட்டால் நிமிர்ந்துவிடுமா?
– பொள்ளாச்சி

பதில்: கண்ணாடி நிரந்தரமாக வளைவதில்லை. பாரத்தை எடுத்ததும் அது அதே நொடியில் நிமிர்ந்துவிடும். எடுத்த பிறகும் தட்டு சரிவாகத் தெரிந்தால் குனிந்திருப்பது பின், அல்லது விலகியிருப்பது பக்கப் பலகை. இதையே சோதனையாகவும் வைத்துக்கொள்ளலாம். சாமான்களை அடுக்கிய அன்று தட்டின் மேல், முன்விளிம்பை ஒட்டி, முனைக்கு முனை ஒரு நூலை விறைப்பாகப் பிடித்து, நடுவில் நூலுக்கும் கண்ணாடிக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளந்து குறித்து வையுங்கள். இரண்டு முனையிலும் தட்டு தரையிலிருந்து எத்தனை எம்.எம். உயரத்தில் இருக்கிறது என்பதையும் குறியுங்கள். ஒரு மாதம் கழித்து அளக்கும்போது முனை உயரம் இறங்கியிருந்தால் பின்னும் பலகையும் நகர ஆரம்பித்துவிட்டன.

கேள்வி: மாமல்லபுரத்தில் வாங்கிய கருங்கல் பிள்ளையார் 14 கிலோ. அடிப்பாகம் 12 × 10 செ.மீ. மட்டுமே, சொரசொரப்பாக இருக்கிறது. நேராகக் கண்ணாடி மேல் வைக்கலாமா?
– நாகர்கோவில்

பதில்: வைக்கக் கூடாது. சொரசொரப்பான கல் மூன்று நான்கு புடைப்புகளில்தான் தொடும். 14 கிலோவும் அந்த அரிசிமணி அளவு இடங்களில் இறங்கும். நகர்த்தும் ஒவ்வொரு முறையும் கீறல் விழும். பஞ்சலோகச் சிலைகளின் பீடத்துக்கு அடியில் இருக்கும் குமிழ்களும் இதையே செய்யும்.

கீறல் எங்கே விழுகிறது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரண்டு முனையில் மட்டும் நிற்கும் தட்டில் மேல்பரப்பு அழுந்தும், அடிப்பரப்புதான் இழுபடும். அதனால் மேலே விழும் கீறல் உடனே விரியாது. நடுத் தாங்கி வைத்த தட்டில் அந்தத் தாங்கிக்கு நேர் மேலே கதை தலைகீழ். அங்கே மேல்பரப்பு இழுபடுகிறது. கனமான சிலையைத் தாங்கிக்கு நேர் மேலே வைப்பது சரிதான், ஆனால் அந்த இடத்தில் ஒரு கீறலும் இருக்கக் கூடாது.

25 × 25 செ.மீ. அளவில் 12 எம்.எம். ப்ளைவுட் பீடம் செய்து, அடியில் முழுவதும் 3 எம்.எம். ஃபெல்ட் ஒட்டுங்கள். ஆங்கிள் போட்ட தட்டாக இருந்தால் பீடத்தின் முன்விளிம்பு முன் ஆங்கிளுக்கு மேலும் பின்விளிம்பு பின் ஆங்கிளுக்கு மேலும் வருமாறு ஆழத்தை வெட்டிக்கொள்ளுங்கள். அப்போது பாரம் கண்ணாடியின் நடுவைத் தொடாமலே இரும்புக்குப் போகும். வைக்கும்போது இரண்டு பேர் வேண்டும். ஒரு ஓரத்தை முதலில் பதித்து மறு ஓரத்தைத் 'தொப்' என்று விடுவதுதான் பல தட்டுகளின் கடைசி நிமிடம். துடைக்கும்போது இழுக்காதீர்கள், தூக்கி வையுங்கள்.

கேள்வி: நாலு பக்கமும் கண்ணாடியான கோபுர ஷோகேஸில் மெட்டல் கார் பொம்மைகள் சேர்த்து வைத்திருக்கிறேன். தட்டுக்கு 6 கிலோ, மூன்று தட்டு. ஒவ்வொரு தட்டும் மூலையில் சின்ன கிளிப் மீது நிற்கிறது. ஸ்க்ரூ போட இடமே இல்லை. எப்படிப் பலப்படுத்துவது?
– சென்னை

பதில்: இங்கே தாங்கல் சட்டத்திலிருந்து வர முடியாது, தரையிலிருந்துதான் வர வேண்டும். 25 எம்.எம். குறுக்களவு, 3 எம்.எம். சுவருள்ள அக்ரிலிக் குழாய் வாங்கித் தட்டுக்கு நான்கு தூண் வெட்டுங்கள். மூலையிலிருந்து 4 அல்லது 5 செ.மீ. உள்ளே தள்ளி நிறுத்தினால் கிளிப்பின் சுமை இறங்குவதோடு தாங்கலின் நீளமும் குறையும். செலவு குறைய வேண்டுமா? முக்கால் அங்குல சி.பி.வி.சி. தண்ணீர்க் குழாய்க்குக் கறுப்பு ஸ்ப்ரே அடித்தால் அதுவும் போதும்.

நீளம்தான் முழு வேலையும். ஒவ்வொரு அடுக்கின் இடைவெளியையும் தனியாக, நான்கு மூலையிலும் அளந்து, மேலும் கீழும் ஒட்டும் சிலிக்கான் வில்லைகளின் தடிமனைக் கழித்து வெட்டுங்கள். அரை எம்.எம். குட்டையாக இருந்தால் தூண் சும்மா நிற்கும். அரை எம்.எம். நெட்டையாக இருந்தால் கண்ணாடியைக் கிளிப்பிலிருந்து கிளப்பிவிடும். வெட்டிய முனை சதுரமாக இருக்க வேண்டும், அறுத்த பிறகு உப்புக் காகிதத்தைச் சமதரையில் போட்டு அதன் மேல் தேய்த்துச் சமன்படுத்துங்கள். மேல் தட்டின் தூண்கள் கீழ்த் தட்டின் தூண்களுக்கு நேர் மேலே வர வேண்டும். ஒரு செ.மீ. விலகினாலும் நடுவில் இருக்கும் கண்ணாடி வெட்டப்படுவது போல இழுபடும்.

மேலே உள்ள 6 கிலோ கீழே இறங்க இறங்கக் கூடும். கடைசித் தூண்கள் மூன்று தட்டின் 18 கிலோவையும் கண்ணாடிகளின் எடையையும் சேர்த்துச் சுமக்கும். ஷோகேஸின் அடித்தட்டு தரையைத் தொடாமல் ஓரக் கால்களில் நின்றால், தூண்களுக்கு நேர் கீழே ப்ளைவுட் துண்டுகளைத் திணித்துத் தரையோடு சேர்த்துவிடுங்கள். குழாய்க்குப் பதில் முழுத் தட்டையே அக்ரிலிக்கில் மாற்றலாமா என்றும் கேட்பீர்கள். வேண்டாம். விறைப்பில் அது கண்ணாடியின் இருபதில் ஒரு பங்கு, போதாததற்கு வருடத்துக்கு வருடம் தொய்ந்துகொண்டே போகும்.

கேள்வி: ஷோகேஸ் கண்ணாடித் தட்டின் மேல் அகல் விளக்கு ஏற்றலாமா?
– ஸ்ரீரங்கம்

பதில்: கூடாது. சாதாரணக் கண்ணாடியில் சூடான நடுவுக்கும் குளிர்ந்த விளிம்புக்கும் 40 டிகிரி அளவு வித்தியாசம் வந்தாலே விரிசல் விடலாம், அதோடு பாரமும் இருந்தால் இன்னும் சீக்கிரம். பழைய ஹாலஜன் விளக்கு பொருத்தியிருந்தாலும் மாற்றி எல்.இ.டி. போடுங்கள்.

கேள்வி: தட்டை சிலிக்கான் போட்டு ஒட்டி, கறுப்பு ரப்பர் வில்லை வைத்த பிறகு வெள்ளிச் சாமான்கள் சீக்கிரம் கறுக்கின்றன. சம்பந்தம் உண்டா?
– சேலம்

பதில்: உண்டு. கறுப்பு ரப்பரில் கந்தகம் இருக்கிறது, கம்பளி ஃபெல்ட்டிலும் அப்படியே. மூடிய அலமாரிக்குள் அது வெள்ளியைக் கறுக்க வைக்கும். வினிகர் வாசம் அடிக்கும் சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலம் விடும், அது பித்தளைக்கும் செம்புக்கும் ஆகாது. ரப்பரை எடுத்துவிட்டுத் தெளிவான சிலிக்கான் வில்லையும் பாலியெஸ்டர் ஃபெல்ட்டும் போடுங்கள். ஒட்டுவதற்கு 'நியூட்ரல்' என்று எழுதிய சிலிக்கானைக் கேட்டு வாங்கி, கதவைத் திறந்துவைத்து ஒரு வாரம் கழித்துச் சாமான்களை அடுக்குங்கள்.

கேள்வி: தட்டுகளையெல்லாம் பலப்படுத்தி முடித்தாகிவிட்டது. 6 அடி உயர ஷோகேஸ். பேரன் கதவைப் பிடித்துத் தொங்குகிறான். வேறு என்ன கவனிக்க வேண்டும்?
– தஞ்சாவூர்

பதில்: சுவரோடு பிடியுங்கள், அதுவும் இன்றைக்கே. தட்டு பலமாகப் பலமாக மேலே கனம் ஏற்றத் தோன்றும், ஷோகேஸ் முன்பக்கம் சாய அதுவே வழி. கண்ணாடிக் கதவு இரண்டும் திறந்து நிற்கும்போது அவற்றின் எடையும் முன்னால் வந்துவிடுகிறது. மேல் சட்டத்தின் உள்பக்கத்திலிருந்து, இரண்டு மூலைக்கு அருகில், L பிராக்கெட் இரண்டு. செங்கல் சுவரில் 8 எம்.எம். துளை, 50 எம்.எம். ஆழம், பிளாஸ்டிக் ப்ளக், அதற்கேற்ற ஸ்க்ரூ. துளை போடும்போது சிவப்புத் தூள் வர வேண்டும். சாம்பல் தூள் மட்டும் வந்து பிட் திடீரென்று உள்ளே ஓடினால் பூச்சிலோ இடுக்கிலோ மாட்டியிருக்கிறீர்கள், 5 செ.மீ. தள்ளிப் போடுங்கள். லேசான சிமென்ட் பிளாக் சுவராக இருந்தால் அதற்கென்றே விற்கும் நீள ப்ளக்கைக் கேளுங்கள், செங்கல் ப்ளக் அதில் பிடிக்காது. பிராக்கெட்டை 6 எம்.எம். பின்பலகையில் இல்லாமல், கெட்டியான மேல் பலகையில் திருகுங்கள்.

சாமான்களை அடுக்கும் முன் ஒரு நாள் சோதனையும் வையுங்கள். தட்டில் வரப்போகும் எடையைப் போல ஒன்றரை மடங்குக்குத் தண்ணீர் பாட்டில்கள், லிட்டருக்கு ஒரு கிலோ கணக்கு. கீழ்த் தட்டுக் கண்ணாடிகளை எடுத்துவிட்டு அடியில் பழைய மெத்தை விரித்து, கதவை மூடி, பேரனை அந்தப் பக்கம் விடாமல் 24 மணி நேரம் விடுங்கள். பிறகு கனமானதை அடித்தட்டிலும், அடுத்த கனத்தைப் பக்கப் பலகையை ஒட்டியும் வைத்து, இலேசானதை மட்டும் மேல் தட்டின் நடுவுக்குக் கொடுங்கள்.